பள்ளி அருகில் இருக்கட்டும், நிதி பொதுவில் இருக்கட்டும்

கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கை 101-ஆம் எண் நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்கிறது. சாலைக்கு ஒரு பக்கம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை ஒட்டி வளர்ந்த பாலோ ஆல்டோ. மறு பக்கம், வளைகுடாவின் சதுப்பு நிலம் வரை, சுமார் 30,000 பேர் வாழும் கிழக்கு பாலோ ஆல்டோ. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இவை வெவ்வேறு நகராட்சிகள்; அவை இருக்கும் கவுண்டிகளும் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) வேறு. கிழக்கு பாலோ ஆல்டோவையும், பக்கத்து மென்லோ பார்க் நகரின் பெல் ஹேவன் பகுதியையும் சேர்த்து ரேவன்ஸ்வுட் என்ற சிறிய பள்ளி வட்டாரம் இயங்குகிறது. அங்குள்ள தமிழர்கள் ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்று சொல்வது இதைத்தான். நான்கே பள்ளிகள், ஏறத்தாழ 1,500 பிள்ளைகள். பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள். கறுப்பினக் குழந்தைகளும், டோங்கா, சமோவா தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் குழந்தைகளும் உண்டு. ஒரு பள்ளிக்குச் சேலஞ்சர் விண்கல விபத்தில் உயிரிழந்த கறுப்பின விண்வெளி வீரர் ரொனால்ட் மெக்நேரின் பெயர். இன்னொன்றுக்கு விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸின் பெயர். இத்தகைய சிறு வட்டாரங்களை என்ன செய்வது என்பது அமெரிக்காவில் நூறாண்டுப் பழைய கேள்வி. பெரிய வட்டாரத்தோடு இணைத்துவிடுவதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது தவறான பதில் என்பதே என் வாதம். பள்ளியை நடத்தும் உரிமை சிறிய ஊரிடமே இருக்க வேண்டும். பள்ளிக்கான பணமும் சேர்க்கைக் கதவும் மட்டும் ஊர் எல்லையோடு நின்றுவிடக் கூடாது.

நம் ஊர் வாசகருக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றலாம். அமெரிக்கப் பள்ளி வட்டாரம் பெரும்பாலும் நகராட்சியின் கிளையும் இல்லை, மாநிலக் கல்வித் துறையின் கிளை அலுவலகமும் இல்லை. அது தனக்கென எல்லையும், தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியமும், வரி வருவாயும் கொண்ட தனி அரசு போன்றது. கலிஃபோர்னியாவில் சுமார் 940 வட்டாரங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை எட்டாம் வகுப்பு வரை மட்டுமே நடத்தும் தொடக்கநிலை வட்டாரங்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை வேறொரு வாரியத்தின் கீழுள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் போகும். ஒரே வீட்டு அண்ணனும் தங்கையும் இரு வேறு வாரியங்களின் பொறுப்பில் படிப்பது அங்கே இயல்பு. 1939–40-இல் நாடு முழுவதும் 1,17,000-க்கு மேல் இருந்த வட்டாரங்கள் இன்று சுமார் 13,000 ஆகச் சுருங்கிவிட்டன. சாலையும் பள்ளிப் பேருந்தும் வந்தபின் ஓராசிரியர் பள்ளிகள் இணைக்கப்பட்டன. சிக்கனம், பாடப்பிரிவுகளின் பெருக்கம், தேர்ச்சி பெற்ற ஆசிரியர்கள் என்று இணைப்புக்குச் சொன்ன காரணங்களில் நியாயமும் இருந்தது. இத்தனைக்குப் பிறகும் தொடக்கநிலை வட்டாரங்கள் நூற்றுக்கணக்கில் பிழைத்திருப்பதற்கு ஒரே காரணம்தான்: ஆறு வயதுப் பிள்ளை படிக்கும் பள்ளி கண்ணுக்கு எட்டும் தூரத்தில், தனக்குத் தெரிந்தவர்களின் கையில் இருக்க வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள்.

இது வெறும் பாசம் என்று ஒதுக்கிவிட முடியாது. ரேவன்ஸ்வுட்டின் வரலாறே இதற்குச் சாட்சி. கிழக்கு பாலோ ஆல்டோவில் ஒரு காலத்தில் உயர்நிலைப் பள்ளியும் இருந்தது. 1958-இல் திறக்கப்பட்ட அந்த ரேவன்ஸ்வுட் உயர்நிலைப் பள்ளி ஊருக்குச் சொந்தமானதாக இருக்கவில்லை. பல செல்வந்த நகரங்களையும் உள்ளடக்கிய செக்வோயா என்ற பெரிய உயர்நிலை வட்டாரத்தின் பள்ளி அது. வெள்ளைக் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேற, வீட்டுத் தரகர்கள் அந்த அச்சத்தை ஊதிப் பெருக்கிக் காசாக்க, சில ஆண்டுகளிலேயே அது கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியானது. பாடத்தின் தரம் சரிவதைக் கண்ட தாய்மார்கள் கெர்ட்ரூட் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் திரண்டார்கள். 1960-களின் நடுவில், தங்கள் பிள்ளைகளைப் பாலோ ஆல்டோ பக்கத்திலுள்ள வெள்ளைக் குடும்பங்களின் வீடுகளில் தங்கவைத்து அங்குள்ள பள்ளிகளில் படிக்க வைத்தார்கள். பிறகு ‘நைரோபி’ என்ற பெயரில் தாங்களே பள்ளி தொடங்கினார்கள். பெரிய வட்டாரம் கடைசியில் என்ன செய்தது? மாணவர் எண்ணிக்கை குறைந்தபோது, 1976-இல் அந்த உயர்நிலைப் பள்ளியையே மூடிவிட்டது. அதுமுதல் ஊர்ப் பிள்ளைகள் பேருந்தேறி, வேறு ஊர்களிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போனார்கள். பள்ளி நின்ற நிலத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. பெரிய வாரியத்தின் வாக்கெடுப்பில் ஏழை ஊருக்கு இருந்தது சிறுபான்மைக் குரல். அதனால் மூடவேண்டிய பட்டியலில் அதன் பள்ளி சேர்ந்தது. அதே ஊரின் தொடக்கநிலைப் பள்ளிகள் மட்டும் அந்த ஊரிலேயே நின்றன. அவை ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த தனி வாரியத்தின் கையில் இருந்தன.

சின்ன வட்டாரமாக இருப்பதன் குறைகளை மறைக்க நான் முயலவில்லை. ரேவன்ஸ்வுட் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சட்டம் வகுத்த சேவைகளைத் தரவில்லை என்று 1996-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அதன் தொடர்ச்சியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வட்டாரம் நீதிமன்றக் கண்காணிப்பில் கிடந்தது. பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பு ஆசிரியர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே தேடி நியமிப்பது சின்ன வட்டாரத்தின் சக்திக்கு மீறியது. நல்ல ஆசிரியர் கிடைத்தாலும் நிலைப்பதில்லை. நாட்டிலேயே மிக அதிக வீட்டு வாடகை உள்ள பகுதிகளில் இதுவும் ஒன்று. ஆனால் இதற்கு மருந்து வட்டாரத்தைக் கலைப்பதா? கலிஃபோர்னியாவில் கவுண்டிக் கல்வி அலுவலகம் என்று ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. சிறிய வட்டாரங்களின் கணக்கை மேற்பார்வை பார்ப்பதும், அவற்றுக்குத் துணைச் சேவைகளைத் தருவதும் அதன் வேலை. சிறப்புக் கல்விக்காகப் பல வட்டாரங்கள் கூடிப் பணியாளர்களையும் செலவையும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் சட்டத்திலேயே உண்டு. நிபுணர்களும் கணக்கும் கொள்முதலும் கூட்டாக இருக்கலாம். எந்தப் பள்ளியை மூடுவது, யாரைத் தலைமையாசிரியராக்குவது, ஸ்பானிய மொழி பேசும் குழந்தைக்கு எப்படிப் பாடம் தொடங்குவது என்பவை மட்டும் ஊரின் முடிவாக இருக்கட்டும்.

இனி பணத்துக்கு வருவோம். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகள் நெடுங்காலமாகச் சொத்து வரியில் ஓடுபவை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் பால்ட்வின் பார்க் வட்டாரம் 1968–69-இல் ஒரு பிள்ளைக்கு 577 டாலர் செலவிட்டது. அதே கவுண்டியில் பெவர்லி ஹில்ஸ் செலவிட்டது 1,232 டாலர். வரி விகிதத்தைப் பாருங்கள்: 100 டாலர் மதிப்புக்கு ஏழைப் பால்ட்வின் பார்க் 5.48 டாலர் கட்டியது, பெவர்லி ஹில்ஸ் 2.38 டாலர்தான் கட்டியது. ஏழை ஊர் தன் சக்திக்கு மீறி இரண்டு மடங்குக்கு மேல் வரி கொடுத்தும் அதன் பிள்ளைக்குக் கிடைத்தது பாதிக்கும் குறைவு. 1971-இல் செரானோ வழக்கில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் இந்த முறையைக் கண்டித்தது. இரண்டே ஆண்டுகளில், டெக்சாஸின் எட்ஜ்வுட் வட்டாரப் பெற்றோர் தொடுத்த ராட்ரிகஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்வி நிதியின் ஏற்றத்தாழ்வு கூட்டாட்சி அரசியல் சாசனத்துக்கு முரணில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் இந்தப் போராட்டம் மாநிலம் மாநிலமாகவே நடக்க வேண்டியதாயிற்று.

கலிஃபோர்னியா அதன்பின் நிறையவே மாறியது. மாநில அரசே ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்படைத் தொகை நிர்ணயித்தது. 2013-இல் வந்த சூத்திரம் ஏழைக் குழந்தைகளுக்கும், ஆங்கிலம் கற்கும் குழந்தைகளுக்கும், வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் குழந்தைகளுக்கும் கூடுதல் தொகை ஒதுக்கியது. அது பாராட்டத்தக்க சீர்திருத்தம். ஆனால் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. உள்ளூர்ச் சொத்து வரி, மாநிலச் சூத்திரம் சொல்லும் தொகையைத் தாண்டினால், மிச்சம் முழுவதும் அந்த வட்டாரத்துக்கே சொந்தம். பாலோ ஆல்டோ, மென்லோ பார்க் சிட்டி, லாஸ் லோமிடாஸ், வுட்சைடு என்று ரேவன்ஸ்வுட்டைச் சுற்றியுள்ள செல்வந்த வட்டாரங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. வுட்சைடு வட்டாரத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளி. சின்ன வட்டாரம் நடத்த முடியாதது என்று யாரும் வுட்சைடைப் பார்த்துச் சொல்வதில்லை. ஏழை ஊரின் சின்ன வட்டாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். இந்த மிச்ச வரிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வாக்குடன் போடப்படும் மனை வரியும், பெற்றோர் நடத்தும் அறக்கட்டளைகளின் நன்கொடையும் சேர்கின்றன. ரேவன்ஸ்வுட்டுக்கும் அறக்கட்டளை உண்டு. வெளியூர்க்காரர்களின் தயவை நம்பி அது நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் கிழக்கு பாலோ ஆல்டோவிலும் நிலமதிப்பு ஏறியதால் வரி வருவாய் உயர்ந்திருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த நிலமதிப்பும் வாடகையும்தான் பிள்ளை குட்டிக்காரர்களை ஊரைவிட்டு விரட்டுகின்றன. 2020-இல் பிரெண்ட்வுட், வில்லோ ஓக்ஸ் என்ற இரு பள்ளிகளை வாரியம் மூட நேர்ந்தது. குழந்தைகள் போன பிறகு தலைக்கு வரும் தொகை கூடுவதை வளர்ச்சி என்று நான் எண்ண மாட்டேன்.

நிதியைப் பொதுவாக்குவதற்குப் பதிலாக அமெரிக்கா இரண்டு மாற்று வழிகளை ரேவன்ஸ்வுட்டிலேயே முயன்று பார்த்துவிட்டது. முதலாவது, சில பிள்ளைகளை மட்டும் வெளியே அனுப்புவது. வட்டார எல்லைகள் பிள்ளைகளை இனவாரியாகப் பிரிக்கின்றன என்று 1976-இல் தொடுக்கப்பட்ட டின்ஸ்லி வழக்கு பத்தாண்டு இழுத்து 1986-இல் சமரசமாக முடிந்தது. அதன்படி ஆண்டுதோறும் நூற்றுச் சொச்சம் குழந்தைகள், தொடக்க வகுப்புகளிலேயே, குலுக்கல் முறையில் பக்கத்து வட்டாரங்களுக்குப் போகலாம். போன குழந்தைகளுக்கு அது பெரிய வாய்ப்பு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் விண்ணப்பம் நிரப்பவும், நீண்ட பேருந்துப் பயணத்துக்குப் பிள்ளையைத் தயார் செய்யவும் முடிந்த குடும்பங்களே இதில் முந்துகின்றன. எஞ்சிய பள்ளி தன் மிகத் துடிப்பான பெற்றோரை ஆண்டுக்கு ஆண்டு இழக்கிறது. எல்லைக்கோட்டை எதிர்த்த வழக்கில் வந்த சமரசம், அந்தக் கோட்டில் ஒரு சின்னத் திட்டிவாசலை மட்டும் திறந்துவிட்டு நின்றுவிட்டது.

இரண்டாவது வழி கொடை. ஃபேஸ்புக் நிறுவனம் 2011-இல் மென்லோ பார்க்குக்குக் குடிவந்தது. மார்க் சக்கர்பெர்க்கின் மனைவியும் குழந்தை மருத்துவருமான பிரிசில்லா சான் 2016-இல் கிழக்கு பாலோ ஆல்டோவில் ‘தி பிரைமரி ஸ்கூல்’ என்ற கட்டணமில்லாத தனியார் பள்ளியைத் தொடங்கினார். பாடத்தோடு மருத்துவமும், பெற்றோருக்கான ஆலோசனையும், மழலைப் பருவத்திலிருந்தே கவனிப்பும் என்று நல்ல எண்ணத்தோடு வகுத்த திட்டம் அது. 2025 ஏப்ரலில், அடுத்த கல்வியாண்டோடு பள்ளி மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. நானூறுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வேறு பள்ளி தேட வேண்டிய நிலை. குடும்பங்களுக்கும் ஊருக்கும் உதவியாகக் கோடிக்கணக்கான டாலர் ஒதுக்கியதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த முடிவை எதிர்த்துப் பெற்றோர் எங்கே வாக்களிப்பார்கள்? பொது வட்டாரம் ஒரு பள்ளியை மூட வேண்டுமானால் திறந்த கூட்டம் நடத்த வேண்டும், பெற்றோர் ஒலிபெருக்கி முன் நின்று பேசுவதைக் கேட்க வேண்டும், அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டும். கொடையாளர் அப்படி யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. கைவிடப்பட்ட குழந்தைகளில் பலர் மீண்டும் வந்து சேர வேண்டிய இடமும் பொதுப் பள்ளிதான்.

இணைப்பை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள்: பாலோ ஆல்டோவையும் ரேவன்ஸ்வுட்டையும் ஒரே வட்டாரமாக்கினால் பணமும் பொதுவாகும், கதவும் திறக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். காகிதத்தில் இது அழகானது. நடைமுறையில் இணைப்புச் சட்டங்கள் செல்வந்த ஊரை ஏழை ஊரோடு சேர்ப்பது அரிது. ஏழை ஊரை இன்னொரு ஏழை ஊரோடுதான் சேர்க்கும். ஆர்கன்சா மாநிலத்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம். மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் பிலிப்ஸ் கவுண்டியிலுள்ள லேக் வியூ, பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படித்த சிறிய வட்டாரம். மாநிலத்தின் பள்ளி நிதி முறை அநீதியானது என்று 1992-இல் அது வழக்குப் போட்டது. பத்தாண்டுக்குப் பின் 2002-இல் மாநில உச்ச நீதிமன்றம் லேக் வியூ சொன்னது சரி என்று தீர்ப்பளித்தது. மாநிலம் நிதியைக் கூட்டியது. கூடவே 350-க்கும் குறைவான மாணவர்கள் உள்ள வட்டாரங்கள் கலைக்கப்படும் என்று 2004-இல் சட்டம் கொண்டுவந்தது. வழக்கில் வென்ற லேக் வியூ வட்டாரமே அந்த ஆண்டு பக்கத்து பார்ட்டன்–லெக்ஸாவோடு இணைக்கப்பட்டு மறைந்தது. நீதி கேட்டுப் போன ஊர், தன் பள்ளி வாரியத்தை இழந்து திரும்பியது.

இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. உள்ளூர் வரி உள்ளூர்ப் பிள்ளைக்கே என்றால்தான் மக்கள் மனமுவந்து வரி கட்டுவார்கள். வெளியே போகும் என்றால் வரியையே எதிர்ப்பார்கள் என்பது அந்த வாதம். செரானோ தீர்ப்புதான் 1978-இல் சொத்து வரிக்கு ஒரு சதவீத உச்சவரம்பு வைத்த 13-ஆம் முன்மொழிவுக்கு வழி திறந்தது என்று பொருளாதார அறிஞர் வில்லியம் ஃபிஷெல் வாதிட்டிருக்கிறார். இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பிற ஆய்வாளர்கள் இந்தக் காரணத்தை மறுத்தும் இருக்கிறார்கள். எழுபதுகளில் வீட்டு விலை விண்ணைத் தொட்டு, வரிச் சீட்டு ஆண்டுதோறும் வீங்கியதே மக்களின் கோபத்துக்குப் போதுமான காரணமாக இருந்தது. வெர்மான்ட் மாநிலம் இன்னும் தெளிவான சோதனை. 1997-இல் அங்கே உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, பள்ளிக்கான சொத்து வரி மாநிலம் முழுமைக்கும் பொதுவாக்கப்பட்டது. பனிச்சறுக்கு விடுதிகளால் செழித்த ஸ்டோ போன்ற ஊர்கள் கொதித்தெழுந்தன; நாவலாசிரியர் ஜான் இர்விங் வெளிப்படையாக எதிர்த்தார். ஆனாலும் சட்டம் சில திருத்தங்களோடு நின்றது. ஊர்க் கூட்டத்தில் பள்ளி பட்ஜெட்டை வாக்கெடுப்புக்கு விடும் சின்னஞ்சிறு பள்ளி வாரியங்களும் அதன்பின் பல ஆண்டுகள் நீடித்தன. பொதுப் பணத்தில் ஒவ்வோர் ஊரும் தன் விருப்பப்படி செலவைத் தீர்மானித்ததால் செலவு கூடியது. மாணவர் எண்ணிக்கையும் சரிய, 2015-இல் அந்த மாநிலமும் இணைப்பை நோக்கித் திரும்பியது. செலவுக்கு வரம்பு வைக்கத் தவறியதே வெர்மான்ட்டின் பிழை என்று நான் கருதுகிறேன். நிதியைப் பொதுவாக்கியதில் பிழை இல்லை.

பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவு கட்டவும் வேண்டாம். மென்லோ பார்க்கின் ஒரு வசதியான பகுதியில், ரேவன்ஸ்வுட் வட்டாரம் முன்பே மூடிய ஃப்ளட் பள்ளியின் நிலம் சும்மா கிடந்தது. அதில் ஆசிரியர்களுக்கும் பள்ளி ஊழியர்களுக்கும் முன்னுரிமை தரும் குறைந்த வாடகைக் குடியிருப்புகள், அதிகபட்சம் 90, கட்ட வட்டாரம் திட்டமிட்டது. அக்கம்பக்கத்தினர் சிலர் கையெழுத்துத் திரட்டி, தனி வீட்டு மனைகளின் வகைப்பாட்டை மாற்ற வேண்டுமானால் நகர மக்களின் வாக்கு வேண்டும் என்று ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்தார்கள். 2022 நவம்பரில் மென்லோ பார்க் வாக்காளர்கள் அந்தத் தடையைத் தோற்கடித்தார்கள். தெளிவான கேள்வியை முன்வைத்தால், செல்வந்த நகரத்தின் பெரும்பான்மையும் பக்கத்து ஊர் ஆசிரியரின் பக்கம் நிற்கக்கூடும் என்பதற்கு இது கண்முன் இருக்கும் ஆதாரம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் தெரிந்துகொள்ள ஒன்று உண்டு. நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் எத்தனை குறை இருந்தாலும், ஆசிரியரின் சம்பளம் அந்தக் கிராமத்தின் வீட்டு வரியைப் பொறுத்தது அல்ல. மாநிலக் கருவூலம் தருகிறது. மலைக் கிராமத்துக்கும் மாநகருக்கும் ஒரே ஊதிய விகிதம். சிறிய பள்ளியும் பொது நிதியும் சேர்ந்து வாழ முடியும் என்பதை நாம் நடைமுறையில் வைத்திருக்கிறோம். நம்மிடம் குறைவது மறுபாதி, அதாவது பள்ளியின் மீது ஊருக்கு உள்ள உரிமை. பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ரேவன்ஸ்வுட் வாரியத்தின் அதிகாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாணவர் குறைவு என்று பள்ளியை மூடும் பேச்சு எழும்போது நம் ஊர்ப் பெற்றோருக்கு வாக்குரிமை இல்லாமல் போவது இதனால்தான்.

சிலிக்கான் பள்ளத்தாக்கில் வீடு தேடும் தமிழ்க் குடும்பம் முதலில் கேட்பது, அந்தத் தெரு எந்தப் பள்ளி வட்டாரத்தில் இருக்கிறது என்பதைத்தான். பிள்ளைக்காகக் கடன்பட்டு, நல்ல பெயருள்ள வட்டாரத்துக்குள் இடம்பிடிப்பதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அவர்களில் பலர் இன்று அந்நாட்டுக் குடிமக்கள், வாக்காளர்கள். பள்ளி வாரியத் தேர்தலில் ஒரு சில நூறு வாக்குகளே முடிவைத் தீர்மானிக்கும் ஊர்கள் அங்கே இருக்கின்றன. சூத்திரத்தை மீறும் வரி மிச்சத்தில் ஒரு பங்கைக் கவுண்டி அளவில் பகிர்ந்துகொள்ளும் சட்டத்துக்கும், பக்கத்து வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கும் தீர்மானத்துக்கும் ஆதரவாக அவர்கள் பேச வேண்டும், வாக்களிக்க வேண்டும். ரேவன்ஸ்வுட்டின் நான்கு பள்ளிகளும் அதே வாரியத்தின் கீழ், அதே தெருக்களில் இருக்கட்டும். அவற்றுக்கு வேண்டிய பணத்தை நெடுஞ்சாலையின் இரு பக்கமும் சேர்ந்து கொடுக்கட்டும்.